சார்லஸ் மாக்கின்டாஷ்

சார்லஸ் மாக்கின்டாஷ் (டிசம்பர் 29, 1766 – ஜூலை 25, 1843) ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த வேதியியலாளரும் தொழிலதிபரும் ஆவார். இரண்டு துணிகளுக்கு இடையில் இரப்பர்க் கரைசலைப் பூசி ஒட்டுவதன் மூலம் நீர் புகாத துணியைச் செய்யும் முறைக்கு 1823 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர். இத்துணியில் தைக்கப்பட்ட மழை மேலங்கி இவரது பெயராலேயே ஆங்கிலத்தில் வழங்கப்படுகிறது. குதிரையில் பயணம் செய்தோரும், குதிரை வண்டியின் திறந்த மேல்தட்டில் அமர்ந்து சென்றோரும் இதன் முதல் பயனாளர்களுள் அடங்குவர். மழையைத் தடுப்பதில் வெற்றி பெற்ற இம்மேலங்கி, வெயிலிலும் குளிரிலும் குறைபாடுகளைக் காட்டியது. அக்குறைகள் தீர்க்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே இவர் காலமானார்.

இவர் நீர்புகாத் துணிக்காக மட்டுமே இன்று நினைக்கப்பட்டாலும், சாயத் தொழில், படிகாரம், வெளுப்புத் தூள், எஃகு ஆகிய துறைகளிலும் குறிப்பிடத்தக்க பணிகளைச் செய்துள்ளார். இவரது குடும்பம் ஈடுபட்டிருந்த சிவப்புச் சாயத் தொழில், மதுரையின் புகழ்பெற்ற சாயத் தொழிலுடன் ஒப்பிடத்தக்கது.

பிறப்பும் குடும்பமும்

சார்லஸ் மாக்கின்டாஷ் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் மாக்கின்டாஷ் ஸ்காட்லாந்தின் மேட்டு நிலப்பகுதியிலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்து குடியேறி வணிகரானவர். தாய் மேரி மூர். பின்னாளில் ஸ்பெயினில் நடந்த கொருன்னாப் போரில் உயிரிழந்த படைத்தலைவர் சர் ஜான் மூர், சார்லஸின் தாய்மாமன் மகன் ஆவார்.

ஜார்ஜ் மாக்கின்டாஷ் 1777 இல் கிளாஸ்கோவின் டன்சாட்டன் என்னுமிடத்தில் ஒரு சாயப் பொருள் ஆலையைத் தொடங்கினார். பாறைகளில் வளரும் கற்பாசியை அம்மோனியாவுடன் சேர்த்து ஊதாச் சிவப்புச் சாயம் எடுப்பது இந்த ஆலையின் தொழிலாகும். அக்காலத்தில் அம்மோனியாவைப் பெற எளிய வழி மனிதச் சிறுநீரே என்பதால், நகரின் வீடுகளிலிருந்து அது நாள்தோறும் சேகரிக்கப்பட்டது. தொழில் இரகசியம் வெளியே செல்லாதிருக்க ஆலையைச் சுற்றி உயர்ந்த மதில் எழுப்பப்பட்டது. ஆங்கிலம் அறியாது கேலிக் மொழி மட்டுமே பேசிய மேட்டு நிலத் தொழிலாளர்களே பெரிதும் பணியில் அமர்த்தப்பட்டனர். அம்மோனியாவுக்கான இந்தத் தேவையே பிற்காலத்தில் மகனை நீர்புகாத் துணிக்கு இட்டுச் சென்றது.

கல்வி

சார்லஸ் கிளாஸ்கோ இலக்கணப் பள்ளியிலும், பின்னர் யார்க்‌ஷயரில் உள்ள ஒரு பள்ளியிலும் பயின்றார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிளாஸ்கோ வணிகர் ஒருவரின் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்க்கப்பட்டார். எனினும் அவரது விருப்பம் வேதியியலிலேயே இருந்தது. ஓய்வு நேரங்களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் இர்வினின் விரிவுரைகளையும், பின்னர் எடின்பரோவில் ஜோசப் பிளாக்கின் விரிவுரைகளையும் கேட்டார். ஜோசப் பிளாக் உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்தவர்; கரியமில வாயுவை ஆராய்ந்தவர். கணக்கெழுதும் வேலையை இருபது வயது நிரம்பும் முன்பே கைவிட்ட சார்லஸ், வேதிப்பொருள் உற்பத்தியில் இறங்கினார்.

1790 இல் கிளாஸ்கோ வணிகர் அலெக்சாண்டர் ஃபிஷரின் மகள் மேரி ஃபிஷரை மணந்தார். இவர்களது மகன் ஜார்ஜ் மாக்கின்டாஷ், தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1847 இல் வெளியிட்டார்.

வேதித் தொழில்கள்

சார்லஸ் மாக்கின்டாஷ் முதலில் நவச்சாரம், பிரஷ்ய நீலம் ஆகியவற்றை உற்பத்தி செய்தார். துணி அச்சிடுவோருக்குத் தேவையான ஈய அசிட்டேட்டு, அலுமினிய அசிட்டேட்டு ஆகியவற்றின் உற்பத்தியைப் பிரித்தானியாவில் அறிமுகப்படுத்தினார்.

1797 இல் ஹர்லெட் என்னுமிடத்தில் ஸ்காட்லாந்தின் முதல் படிகார ஆலையை நிறுவுவதில் பங்கேற்றார். பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் கைவிடப்பட்டிருந்த களிப்பாறையே அதற்கு மூலப்பொருளாயிற்று. ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலின் மூலப்பொருளாவது இவரது பணிகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் இயல்பாகும்.

இதே காலத்தில் சார்லஸ் டெனன்ட் என்பவருடன் கூட்டாளியாக இருந்தார். குளோரினைச் சுண்ணாம்புடன் சேர்த்து உலர்ந்த வெளுப்புத் தூள் செய்யும் முறைக்கு டெனன்ட் 1799 இல் காப்புரிமை பெற்றார். இம்முறையைக் கண்டறிந்ததில் மாக்கின்டாஷுக்குப் பெரும் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. அதுவரை புல்வெளியில் வாரக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுக்கப்பட்ட துணியை, இத்தூளின் துணையால் மிகக் குறைந்த காலத்தில் வெளுக்க முடிந்தது. 1814 இல் இக்கூட்டு நிறுவனத்திலிருந்து இவர் விலகினார்.

மதுரைச் சிவப்பும் கிளாஸ்கோ சிவப்பும்

ஜார்ஜ் மாக்கின்டாஷ் 1785 இல் டேவிட் டேல் என்பவருடன் இணைந்து, பிரான்சு நாட்டுச் சாயக்காரர் பப்பியோனைக் கிளாஸ்கோவுக்கு வரவழைத்து, துருக்கிச் சிவப்பு எனப்படும் பருத்திச் சாயத் தொழிலைத் தொடங்கினார். துவைத்தாலும் வெயிலில் கிடந்தாலும் வெளிறாத சிவப்பைப் பருத்தியில் ஏற்றுவது அந்நாளைய ஐரோப்பியருக்கு அரிதான கலையாக இருந்தது.

தமிழகத்தில் இக்கலை நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. மதுரையில் சௌராட்டிரச் சமூகத்தைச் சேர்ந்த சாயக்காரர்கள் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பால் தலைப்பாகைத் துணிகளுக்கும் சேலைகளுக்கும் நிறம் ஏற்றினர். சிம்மக்கல், யானைக்கல் பகுதிகளை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஓடும் வைகையின் நீர், சாயம் நன்கு பிடிக்க உதவுகிறது என்ற நம்பிக்கை மதுரையில் இருந்து வந்தது. சாயவேர், இராமநாதபுரம், மன்னார் ஆகிய கடலோர மணற்பாங்கான நிலங்களிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது.

ஐரோப்பியர் பயன்படுத்திய மஞ்சிட்டி இனத்து வேரிலும், தமிழகத்தின் சாயவேரிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற ஒரே பொருளாகும். அதனைப் பருத்தி நூலில் நிலைநிறுத்த இரு நாடுகளிலும் எண்ணெயும் படிகாரமும் தேவைப்பட்டன. சார்லஸ் மாக்கின்டாஷ் ஹர்லெட்டில் படிகாரம் செய்ததற்கான காரணத்தை இதிலிருந்து அறியலாம். 1869 இல் அலிசரின் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. அதன் பின்னர் கிளாஸ்கோவில் மஞ்சிட்டி வேரும், மதுரையில் சாயவேரும் படிப்படியாகப் பயன்பாட்டிலிருந்து மறைந்தன.

நீர்புகாத் துணி

பின்னணி

தென்னமெரிக்காவின் அமேசான் பகுதி மக்கள் மரத்திலிருந்து வடியும் பாலைத் துணியில் பூசி நீர் புகாதவாறு செய்யும் முறையை ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே அறிந்திருந்தனர். ஆனால் அந்தப் பால் கப்பலில் ஐரோப்பாவுக்கு வந்து சேர்வதற்குள் உறைந்து கட்டியாகிவிடும். கட்டியான இரப்பரை மீண்டும் திரவமாக்கும் மலிவான கரைப்பான் எதுவும் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் குதிரையில் செல்வோர் மழைக்கு அடர்த்தியான கம்பளித் துணியால் ஆன நீண்ட மேலங்கியையே நம்பியிருந்தனர். கம்பளி நனைந்த பின்னும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். ஆனால் நீரை உறிஞ்சி மிகுந்த எடை கொள்ளும். எண்ணெய் பூசிய துணி நீரைத் தடுக்கும்; ஆனால் மடித்த இடங்களில் வெடித்துவிடும். தமிழ்நாட்டிலும் ஆடு மேய்ப்போர் கம்பளியையும், உழவர் கோணியை மடித்துத் தலையில் இடும் கொங்காணியையும் மழைக்குப் பயன்படுத்தி வந்தனர்.

கண்டுபிடிப்பு

1819 இல் மாக்கின்டாஷ் கிளாஸ்கோ எரிவாயு நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் வாயுவை எடுத்த பின் எஞ்சும் தாரும் அம்மோனியா நீரும் அந்நிறுவனத்துக்குத் தொல்லை தரும் கழிவுகளாக இருந்தன. அம்மோனியா, தந்தையின் சாய ஆலைக்குத் தேவைப்பட்டது. தாரை வடித்தபோது நாப்தா என்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய் கிடைத்தது. அதனை என்ன செய்வது என்று ஆராய்ந்தபோது, அது இரப்பரைக் கரைக்கிறது என்பதைக் கண்டார்.

நாப்தாவில் கரைத்த இரப்பரைத் துணியின் மேல் பூசினால் அது பிசுபிசுவென ஒட்டும். எனவே இரப்பர் பூசிய துணியின் மேல் மற்றொரு துணியை வைத்து அழுத்தினார். ஒட்டும் தன்மை இரு துணிகளுக்கும் இடையே அடங்கிவிட, நீர் புகாத ஒரே துணியாக அது மாறியது. இம்முறைக்கு 1823 ஜூன் 17 அன்று காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முன்னுரிமை பற்றிய கருத்து வேறுபாடு

நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தா இரப்பரைக் கரைக்கும் என்பதை எடின்பரோவில் மருத்துவ மாணவராக இருந்த ஜேம்ஸ் சைம் 1818 இலேயே கண்டறிந்து அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக விளங்கிய சைம், இதற்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை. கரைப்பானைக் கண்டறிந்த முன்னுரிமை சைமுக்கும், இரு துணிகளுக்கு இடையே இரப்பரை அடைக்கும் முறையைத் தொழிலாக்கிய பெருமை மாக்கின்டாஷுக்கும் உரியன எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1836 இல் காப்புரிமையை மீறியதாக இலண்டன் துணி வணிகர்கள் மீது மாக்கின்டாஷ் நிறுவனம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு நிறுவனத்திற்குச் சாதகமாக அமைந்தது.

மான்செஸ்டர் ஆலை

பருத்தி ஆலை உரிமையாளர்களான பெர்லி சகோதரர்களுடன் கூட்டுச் சேர்ந்து மான்செஸ்டரில் நீர்புகாத் துணி ஆலை நிறுவப்பட்டது. கூட்டாளிகளுள் ஒருவரான ஹியூ ஹார்ன்பி பெர்லி, 1819 ஆகஸ்டு 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கோரிக் கூடிய மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ நிகழ்வில், அப்படையின் ஒரு பிரிவை வழிநடத்தியவர் ஆவார்.

இலண்டனில் இரப்பர்த் தொழில் நடத்திய தாமஸ் ஹேன்காக், இரப்பர்த் துண்டுகளை அரைத்து ஒன்றாக்கும் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். அரைத்த இரப்பர் நாப்தாவில் எளிதாகக் கரைந்தது. 1825 இல் இவர் மாக்கின்டாஷுடன் உடன்பாடு செய்துகொண்டு, பின்னர் நிறுவனத்தின் கூட்டாளியாகவும் ஆனார். துணியின் தரம் உயர்ந்ததில் ஹேன்காக்கின் பங்கு பெரிதாகும். ஜான் ஃபிராங்க்ளின் 1825 இல் மேற்கொண்ட வடதுருவப் பகுதிப் பயணத்தில் இந்த நீர்புகாத் துணி எடுத்துச் செல்லப்பட்டது. சிறு படகு ஒன்றும் இத்துணியால் போர்த்திச் செய்யப்பட்டது.

மேலங்கியின் குறைபாடுகள்

மாக்கின்டாஷ் துணி மழையைத் தடுத்தது. எனினும் மேலங்கியாக அணிந்தபோது பின்வரும் குறைகள் தோன்றின.

வெப்பநிலை: இரப்பர் குளிரில் விறைத்து மடங்க மறுத்தது, வெயிலில் இளகிப் பிசுபிசுத்தது. பனிக்காலத்தில் குதிரை ஏறுவோருக்கு விறைப்பும், கோடையில் ஒட்டலும் தொல்லை தந்தன.

தையல் துளைகள்: தையற்காரர்கள் வழக்கம் போல் ஊசியால் தைத்தபோது ஒவ்வொரு துளை வழியாகவும் நீர் கசிந்தது. இதன் பழி துணியின் மேல் விழுந்தது. தையல் இணைப்புகளை இரப்பர்க் கரைசலால் அடைக்க வேண்டும் என்பதைப் பலர் அறியவில்லை. இதனால் நிறுவனமே மேலங்கிகளைத் தைத்து விற்கத் தொடங்கியது.

கம்பளியின் கொழுப்பு: கம்பளித் துணியில் இயல்பாக உள்ள கொழுப்பு இரப்பரைச் சிதைத்தது. குளிர்காக்கும் துணியே நீர்காக்கும் பொருளுக்குக் கேடாக அமைந்தது.

வியர்வை: வெளிநீரைத் தடுத்த துணி உள்நீரையும் வெளியே விடவில்லை. மருத்துவர் சிலர் இவ்வுடையை அணிய வேண்டாம் என்று அறிவுறுத்தினர். குதிரையை ஓட்டிச் செல்வோர் உடல் உழைப்பால் வியர்த்து, பின்னர் நின்ற இடத்தில் அவ்வியர்வையாலேயே குளிர் கொண்டனர்.

மணம்: நாப்தாவின் கடுமையான வாடை துணியை விட்டு எளிதில் நீங்கவில்லை.

1830களில் இருப்புப்பாதை பரவியதும் மேலங்கியின் விற்பனை குறைந்தது. குதிரை வண்டியின் மேல்தட்டில் மழையில் நனைந்து சென்ற பயணிகள், கூரையுள்ள தொடர்வண்டிப் பெட்டிகளுக்கு மாறியதே இதற்குக் காரணமாகும்.

எஃகும் இரும்பும்

1825 இல், சூடாக்கிய இரும்பின் மேல் கரிமம் கொண்ட வாயுவைச் செலுத்தி எஃகாக்கும் முறைக்கு மாக்கின்டாஷ் காப்புரிமை பெற்றார். அறிவியல் அடிப்படையில் சரியாக இருந்தும், உயர் வெப்பத்தில் உலையை வாயு கசியாது மூடுவது கடினமாக இருந்ததால் இம்முறை தொழில் முறையில் நிலைபெறவில்லை.

ஊதுலைக்குள் குளிர்ந்த காற்றுக்குப் பதிலாகச் சூடான காற்றைச் செலுத்தும் முறைக்கு ஜேம்ஸ் பியூமான்ட் நீல்சன் 1828 இல் காப்புரிமை பெற்றபோது, மாக்கின்டாஷ் அவருக்குத் துணை நின்று உரிமையில் பங்கும் பெற்றார். இம்முறையால் எரிபொருள் செலவு பெரிதும் குறைந்தது. இரும்பு உற்பத்தியாளர்கள் பலர் உரிமைத் தொகை செலுத்த மறுத்ததால் நீண்ட வழக்குகள் எழுந்தன. அவை 1843 இல், மாக்கின்டாஷின் மறைவுக்குச் சிறிது காலம் முன்னரே முடிவுக்கு வந்தன.

மறைவு

சார்லஸ் மாக்கின்டாஷ் 1843 ஜூலை 25 அன்று கிளாஸ்கோவின் டன்சாட்டனில் தமது 76 ஆம் வயதில் காலமானார். கிளாஸ்கோ பேராலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதே ஆண்டு நவம்பரில் தாமஸ் ஹேன்காக், இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு இங்கிலாந்தில் விண்ணப்பித்தார். இம்முறையை 1839 இல் கண்டறிந்த அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844 இல் தமது நாட்டில் காப்புரிமை பெற்றார். பதப்படுத்திய இரப்பர் குளிரில் விறைக்கவுமில்லை, வெயிலில் இளகவுமில்லை. மாக்கின்டாஷின் மேலங்கி அதன் பின்னரே எல்லாப் பருவங்களுக்கும் ஏற்றதாயிற்று.

பிற்கால வளர்ச்சி

நீர் புகாமையையும் வியர்வை வெளியேறுவதையும் ஒருங்கே பெறும் முயற்சிகள் தொடர்ந்தன. இங்கிலாந்தின் தாமஸ் பர்பெரி, நீர் ஒட்டாதவாறு நூலைப் பதப்படுத்தி நெருக்கமாக நெய்த காபர்டின் துணிக்கு 1888 இல் காப்புரிமை பெற்றார். மெழுகு ஏற்றிய பருத்தித் துணியும் குதிரையாளரிடையே பரவியது. 1969 இல் அமெரிக்காவின் பாப் கோர் கண்டறிந்த நுண்துளைப் படலம், நீர்த்துளியைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடும் தன்மையுடையது. இப்படலம் கொண்ட கோர்-டெக்ஸ் துணிகள் 1970களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தன.

இரப்பர் மூலப்பொருளும் இடம் மாறியது. மாக்கின்டாஷ் காலத்தில் அது தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. 1876 இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அக்கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அதன் பின்னர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பெருந்தொகையான தமிழர் பால்வெட்டுத் தொழிலாளராயினர். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரப்பர் பயிரிடப்படுகிறது.

குதிரையாளர் மேலங்கி

குதிரை ஏறுவோருக்கான மாக்கின்டாஷ் மேலங்கி, நடப்போர் அணிவதிலிருந்து வேறுபட்ட அமைப்பு உடையது. பின்புறம் நீண்ட பிளவும், அதனுள் சேணத்தை மூடும் விசிறி மடிப்பும் இருக்கும். கீழ்ப்பகுதி காற்றில் பறந்து குதிரையை மிரட்டாதிருக்க, தொடையைச் சுற்றிக் கட்டும் வார்கள் உள்ளே தைக்கப்படும். முழங்கால் வரை மூடும் நீளமும், கடிவாளத்தைப் பிடிக்க ஏற்ற தளர்ந்த தோள் பகுதியும் தேவை. மாக்கின்டாஷ் காலத்துக் குறைகளே இன்றும் ஒரு மேலங்கியைத் தேர்வதற்கான அளவுகோல்களாக உள்ளன: தையல் இணைப்புகள் உட்புறம் நாடா ஒட்டி அடைக்கப்பட்டுள்ளனவா, வியர்வை வெளியேற வழி உள்ளதா, குளிரில் துணி விறைக்கிறதா என்பவை அவற்றுள் முதன்மையானவை. வெப்பம் காக்கும் உள்ளாடை தனியே கழற்றக் கூடியதாக இருப்பது, உழைக்கும் போதும் நிற்கும் போதும் மாற்றிக்கொள்ள உதவும்.

தமிழ்நாட்டில் இத்தேவை இடத்திற்கு இடம் மாறுபடும். மதுரைச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வைகையில் வெள்ளம் பெருகி யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும் நாட்களிலும் கடுங்குளிர் இருப்பதில்லை. எனவே சிம்மக்கல் போன்ற பகுதிகளில் முன்னர் குதிரை வண்டி ஓட்டியோருக்கும், இன்று சமவெளியில் குதிரை வளர்ப்போருக்கும் உள்ளே கம்பளி வைத்த மேலங்கி தேவையற்றது. வியர்வை அடையாத மெல்லிய மழையங்கியே போதுமானது.

இதற்கு மாறாக, 1985 வரை மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. 1845 இல் மதுரையின் அமெரிக்க மறைப்பணியாளர் அங்கு முதல் வீடுகளைக் கட்டினர். மலைச்சாலை அமைவதற்கு முன் குதிரையிலும் டோலியிலும் நடந்துமே மலை ஏற வேண்டியிருந்தது. பனிக்கால இரவுகளில் அங்கு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் செல்வோர், மழையிலும் பனியிலும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே நாளைக் கழிக்கின்றனர். நடக்கும்போது வியர்ப்பதும், பயணிக்காகக் காத்து நிற்கும்போது குளிர்வதும் அவர்களது தொழிலின் இயல்பாகும். மழையை மட்டும் தடுக்கும் மலிவான நெகிழி மழையங்கி அவர்களுக்குப் போதாது. வெப்பத்தைக் காத்து வியர்வையை வெளியே விடும் மேலங்கியே உடல்நலத்தைக் காக்கும்.

பெயர் வழக்கு

மேலங்கியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, இவரது பெயரில் இல்லாத ஓர் எழுத்துச் சேர்த்து எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. தமிழில் இந்த உடை மழைக்கோட்டு, மழையங்கி, ரெயின்கோட் என்றே வழங்கப்படுகிறது. எனினும் இந்தியச் செவிலியரிடையே இவர் பெயர் வேறொரு பொருளுக்கு வழங்கி வருகிறது. நோயாளியின் படுக்கை நனையாதிருக்க மேல்விரிப்பின் அடியில் இடப்படும் இரப்பர் விரிப்பு, தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் மெக்கின்டாஷ் என்றே அழைக்கப்படுகிறது.